பட்டம் பெற்றுப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இறையியல் கல்லூரிகளின் ஆட்சிமன்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிமன்றக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

இறையியல் கல்லூரி ஒன்றில் பயின்று, சபைப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்து, படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் சில காலம் செயலராகவும் இருந்தவன் என்ற உரிமையில் இம்மடலை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட கல்லூரியைக் குறைசொல்வது என் நோக்கமன்று. பெரும்பாலான இறையியல் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கும் ஓர் எண்ணத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். பழைய மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு நாள் கூடி, ஆராதனை நடத்தி, குழுப்படம் எடுத்து, விருந்துண்டு, கட்டட நிதிக்கான காணிக்கை உறையைச் சட்டைப் பையில் வைத்தபடி கலைந்து போகிற ஓர் அமைப்பு என்பதே அந்த எண்ணம். குழுவின் நிகழ்ச்சி நிரலில் அது 'இதர விவரங்கள்' என்ற கடைசித் தலைப்பின்கீழ், எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஓரிரு நிமிடம் பேசி முடிக்கப்படுகிறது. அச்சங்கத்தைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதி, பாடத்திட்டத்துக்கும் நூலகத்துக்கும் கொடுக்கிற கவனத்தை அதற்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தான் கற்பித்தது பணித்தளத்தில் என்ன ஆகிறது என்பதை ஒரு கல்லூரி தொடர்ந்து அறிந்துகொள்ள அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு. குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆன நிலையில், 1962இல் தன்னிடம் பயின்றவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. அதுவரை இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே சேர்ந்து படித்திருந்தனர். அவர்களில் பத்துப் பேர் மட்டுமே அப்போது ஆயர் பணியில் இருந்தனர். கிராமங்களிலிருந்து தலைநகருக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்களில் பலர் மீண்டும் ஊர் வாழ்க்கையோடு ஒட்ட முடியாமல் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள் என்பதும், கிராமச் சபைகளை உண்மையில் தாங்கி நடத்தியவர்கள் குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிட்டு விடுதிக்கு வர இயலாத மூத்த விசுவாசிகள் என்பதும் அப்போதுதான் தெளிவாயின. அங்கே பணியாற்றிய அருட்பணியாளர்கள் ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி ஆகியோரின் முயற்சியால், மாணவர் இருக்கும் இடத்துக்கே பாடத்தைக் கொண்டுபோகும் விரிவாக்க இறையியல் கல்வி 1963இல் அங்கே தொடங்கியது. ராஸ் கின்ஸ்லர் போன்றோர் அதைப் பின்னர் வளர்த்தனர். அடுத்த பத்தாண்டுகளில் அம்முறை பல கண்டங்களுக்குப் பரவியது. இத்தனைக்கும் தொடக்கமாக இருந்தது, படித்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்ட ஒரு கேள்விதான். அதைக் கேட்பதற்கே கால் நூற்றாண்டு பிடித்தது. முன்னாள் மாணவர்களோடு இடையறாத தொடர்பு வைத்திருக்கும் ஒரு சங்கம் செயல்பட்டிருந்தால், முதல் சில ஆண்டுகளிலேயே விடை கண்முன் நின்றிருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

இறையியல் கல்லூரிக்கு இந்தக் கேள்வி மற்றக் கல்லூரிகளுக்கு இருப்பதைவிட ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பொறியியல் படித்தவர் எந்த நிறுவனத்தில் சேர்ந்தார், எத்தகைய பொறுப்பில் இருக்கிறார் என்பதை அவருடைய கல்லூரி எளிதில் தெரிந்துகொள்கிறது. மருத்துவம் படித்தவரின் தேர்ச்சியை உடன் பணிபுரியும் மருத்துவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறையியல் பட்டதாரியோ பட்டமளிப்பு விழா முடிந்த சில நாள்களிலேயே தம்மை அனுப்பிய திருச்சபையிடம் திரும்பிப் போகிறார். அன்றுமுதல் அவரைப் பற்றிய விவரங்கள் எல்லாம் திருச்சபை அலுவலகத்துக்கே போகின்றன: எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம், காணிக்கை எவ்வளவு, ஆலயக் கட்டட வேலை எதுவரை வந்திருக்கிறது. வகுப்பில் அரும்பாடுபட்டுக் கற்ற எபிரேயமும் கிரேக்கமும் அவருடைய அருளுரை ஆயத்தத்துக்கு இன்றும் உதவுகின்றனவா, ஆலோசனைப்பணிப் பாடம் ஒரு குடும்பச் சண்டையின் நடுவே அவருக்குக் கைகொடுத்ததா, வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாததால் முதல் ஆண்டிலேயே சபைக் குழுவோடு மோதிக்கொண்டாரா என்பவை எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. பாடத்திட்டத்தைத் திருத்தக் கூடும் பேராசிரியர்கள் தத்தம் துறையில் வெளிவந்த புதிய நூல்களையும் ஆய்வுகளையும் கொண்டு திருத்துகிறார்கள், அது வேண்டியதுதான். சபைச் சொத்துப் பத்திரங்களைப் பற்றியும், சிறுவர் பாதுகாப்பைப் பற்றியும், கருத்து வேறுபாடு முற்றிய ஒரு குழுக் கூட்டத்தை எப்படி நடத்தி முடிப்பது என்பதைப் பற்றியும் ஒரு மணி நேரங்கூடக் கற்பிக்காமல் ஒருவரைச் சபைக்கு அனுப்பியிருக்கிறோம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள இறையியல் கல்லூரிகளின் கூட்டமைப்பு, புதிதாகச் சேர்கிறவர்களிடமும் படிப்பை முடிக்கிறவர்களிடமும் வினாப்படிவம் வழியாகக் கருத்துக் கேட்பதோடு நில்லாமல், முன்னாள் மாணவர்களுக்கென்றே தனியான ஒரு வினாப்படிவத்தையும் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆயினும் படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டு உண்மை வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது என்பதைச் செயலராக இருந்த நாள்களில் கற்றேன். கல்லூரி முத்திரையோடு வரும் தாளில் எவரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற கட்டத்தில்தான் குறியிடுகிறார். அதே ஆள், உடன் படித்த மூன்று நான்கு பேரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசும்போது, இறுதியாண்டு ஆய்வேட்டுக்குச் செலவிட்ட காலத்தில் பாதியையாவது மருத்துவமனைச் சந்திப்புகளுக்கு ஒதுக்கியிருக்கலாமே என்று மனம்விட்டுச் சொல்வார். இப்படிப்பட்ட பேச்சுக்கு இடம் அமைத்துத் தந்து, பேசியவரின் பெயரைத் தவிர்த்துவிட்டு, பொருளை மட்டும் தொகுத்துக் கல்விக்குழுவின் முன் வைப்பது சங்கத்தால் மட்டுமே முடிகிற வேலை.

பணித்தளத்திலிருந்து கல்விக்கூடத்துக்கு எழுதுவது நமக்குப் புதியதன்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் சில காலம் பயின்ற அருட்பணியாளர்கள் சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பிறகு அனுப்பிய கடிதங்களையும் அறிக்கைகளையும், ஹாலேயில் கல்வி நிறுவனங்களை நடத்திவந்த ஃபிராங்கே 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். அந்த வெளியீடு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அடுத்தடுத்து வந்த அருட்பணியாளர்களையும் ஆதரவாளர்களையும் அது உருவாக்கியது. வெளியே போனவர் எழுதினார், உள்ளே இருந்தவர்கள் படித்தார்கள், படித்தவர்களில் சிலர் புறப்பட்டுப் போனார்கள். சங்கம் என்ற பெயர் அதற்கு இல்லை. செய்யப்பட்ட வேலை அதுவேதான்.

கல்லூரிக்குக் கிடைக்கும் பயனை மட்டும் பேசினால் மடல் பாதியில் நின்றுவிடும். பட்டதாரிக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் சபைக்கு அனுப்பப்பட்ட ஓர் இளம் ஆயரை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் அவர் குடியிருக்கும் குருமனையின் கதவைத் தட்டுகிறார்கள். ஓர் இளைஞன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருக்கிறான். ஆலயத்தில் வைத்து அடக்க ஆராதனை நடத்தக் கூடாது என்று சபை மூத்தவர் ஒருவர் வாசலிலேயே நின்று சொல்லுகிறார். பையனின் தாய் ஆயருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்தவ ஒழுக்கவியல் வகுப்பில் இதைப் பற்றி அவர் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது, இதே நிலையை ஏற்கெனவே கடந்துவந்த ஒருவருடைய குரல். மேலதிகாரியை அழைக்கலாம், ஆனால் இடமாற்றத்தையும் பதவி உயர்வையும் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சபையாரிடம் சொல்ல முடியாது. மனைவியிடமோ கணவரிடமோ எல்லாவற்றையும் இறக்கி வைப்பது நியாயமன்று. மிஞ்சுவது விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவரும், தமக்கு இரண்டு ஆண்டு முன்னால் படித்த அண்ணனும்தான். அவர்களுடைய எண் கையில் இருந்தால் அழைப்பார். இல்லையென்றால் தனியாகத் தடுமாறுவார். ஆயர்கள் பணியைவிட்டு விலகுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் தனிமைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இப்பணியில் இருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இத்தகைய தொடர்பு ஒரு கல்லூரியின் உயிரையே சுமந்து நின்ற காலமும் உண்டு. ஜெர்மனியில் நாட்சி ஆட்சிக்கு உடன்படாத அறிக்கையிடும் திருச்சபைக்காக இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1935இல் தொடங்கிய ஆயர் பயிற்சிக் கல்லூரி, ஃபிங்கன்வால்டே என்னும் இடத்தில் இயங்கி வந்தது. 1937இல் ரகசியக் காவல்துறை அதை இழுத்து மூடியது. கட்டடம் பறிபோயிற்று, அங்கே பயின்றவர்களில் பலர் கைது செய்யப்பட்டனர். கல்லூரி இருந்தபோதே பழைய மாணவர்களுக்குச் சுற்றுமடல் அனுப்பிவந்த போன்ஹோஃபர், அது மூடப்பட்ட பிறகும் அதை நிறுத்தவில்லை. யார் எந்தச் சபையில் இருக்கிறார், யார் சிறையில் இருக்கிறார், யாருக்குத் திருமணம், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்திகளும், வரும் வாரங்களில் எல்லாரும் ஒருசேரத் தியானிக்க வேண்டிய வேதப்பகுதிகளும் அவற்றில் இருந்தன. நகலெடுத்து அனுப்புவதற்குத் தடை வந்தபோது அவற்றையே தனிப்பட்ட கடிதங்களாக அனுப்பினார். போர் வந்து மாணவர்கள் படையில் சேர்க்கப்பட்டபோது, இறந்தவர்களின் பெயர்களும் அக்கடிதங்களில் இடம்பெற்றன. விருந்து, குழுப்படம், காணிக்கை உறை ஆகிய எதற்கும் வழியில்லாத நிலையிலும் எஞ்சி நின்றது எதுவோ, அதுவே சங்கத்தின் உள்ளீடு என்று நான் கருதுகிறேன்: ஒருவர் மற்றவருடைய நிலையை அறிந்திருப்பது, ஒரே பகுதியை ஒரே வாரத்தில் வாசிப்பது, ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவது.

தொடர்கல்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொள்கையளவில் அதை மறுப்பவர் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரை, குருக்களின் உருவாக்கம் குருமடத்தோடு முடிவதில்லை என்பதற்காக ஒரு முழு இயலையே ஒதுக்கி, பெற்ற வரத்தை அனல்மூட்டி எழுப்பும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனத்திலிருந்து அதைத் தொடங்குகிறது. 2016இல் வந்த குருத்துவ உருவாக்கத்துக்கான நெறிமுறையும் அதே கருத்தில் நிற்கிறது. சீர்திருத்தச் சபைகளும் தத்தம் மொழியில் இதையே சொல்லுகின்றன. செயலில் பார்த்தால், படிப்பு முடிந்த அன்று நூலக அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். மூன்று நான்கு ஆண்டுகள் விளக்கவுரைகளுக்கும் ஆய்விதழ்களுக்கும் பழக்கப்பட்ட ஒருவரை, தம் சொந்த அலமாரியில் உள்ள நூல்களைக் கொண்டு அடுத்த முப்பது ஆண்டுக்கும் அருளுரை செய்யுங்கள் என்று அனுப்பிவைப்பது என்ன கல்வி? இறையியல் நூலகங்களுக்கென 1946இல் அமெரிக்காவில் உருவான சங்கம், கல்லூரிகள் சந்தா செலுத்தினால் அவற்றின் முன்னாள் மாணவர்களும் ஆய்விதழ்களை இணையவழி வாசிக்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அந்த அளவுக்குப் பணம் இல்லாத கல்லூரியும், பழைய மாணவர் ஒருவர் கேட்கும் கட்டுரையையோ நூலின் ஓர் இயலையோ சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அனுப்பித் தர ஒரு நூலகப் பணியாளருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்க முடியும்.

இனி, முகவரிப் பதிவேடு. சலிப்பூட்டும் பொருள்தான், ஆயினும் சங்கங்கள் செயலிழப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆயர்களும் அருட்பணியாளர்களும் சில ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாறுகிறவர்கள். பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்கு எதிரே குருமனையின் முகவரியும் அங்குள்ள தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கும்; அவர் மாறிப் போனதும் அவை அடுத்து வந்தவருடையவை ஆகிவிடுகின்றன. நான் பொறுப்பேற்றபோது கையில் கிடைத்த ஏட்டில் ஒரே முகவரி, வெவ்வேறு ஆண்டுகளில் படித்த மூவரின் பெயருக்கு எதிரே இருந்தது. அக்குருமனையில் அப்போது குடியிருந்தவரோ வேறொரு கல்லூரியில் படித்தவர். நமது சுற்றறிக்கைகளை எல்லாம் அவர் பொறுமையோடு பெற்றுக்கொண்டு வந்திருக்கிறார். சபையின் எண்ணும் சபையின் மின்னஞ்சலும் போதா. ஆளோடு கூடவே போகிற எண்ணும், இடமாற்றத்தால் பாதிக்கப்படாத உறவினர் ஒருவரின் தொடர்பும் வேண்டும். ஆண்டுதோறும் இடமாற்றங்கள் அறிவிக்கப்படும் பருவத்தில் பட்டியலைத் திருத்த வேண்டும். இதை வேறு வேலைகளுக்கு நடுவே ஒரு பேராசிரியரின் தலையில் சுமத்தினால் நடக்காது. அரை நாள் பணியாளர் ஒருவருக்காவது ஊதியம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. தகவல்களை எதற்குப் பயன்படுத்துவோம், யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்பதையும் உறுப்பினர்களிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பேராயராகவும் பேராசிரியராகவும் ஆனவர்களை எந்தக் கல்லூரியும் மறப்பதில்லை. அவர்களுடைய படங்கள் வரவேற்பறையில் தொங்குகின்றன. ஆயர் பணியைவிட்டு விலகிப் பள்ளி ஆசிரியரானவர், சமூகப்பணி நிறுவனத்தில் சேர்ந்தவர், வேறு திருச்சபைக்குப் போனவர், ஆண்களோடு ஒரே வகுப்பில் ஒரே தேர்வை எழுதித் தேறியும் தம் சபை பெண்களுக்கு அருட்பொழிவு (ஆயராக அமர்த்தும் சடங்கு) வழங்காத காரணத்தால் ஞாயிறு பள்ளியோடு நிறுத்தப்பட்ட பெண், ஓய்வு பெற்று மகன் வீட்டு மாடியறையில் இருக்கும் முதியவர் ஆகியோரே மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து உதிர்ந்து போகிறவர்கள். கல்லூரி கேட்டறிய வேண்டிய செய்தி மிகுதியும் இவர்களிடந்தான் இருக்கிறது. பணியைவிட்டுப் போனவர் ஏன் போனார் என்று தெரியாத கல்லூரி, அதே காரணத்தால் போகப் போகிற அடுத்தவரையும் அதே விதமாகத்தான் ஆயத்தம் செய்யும். பட்டம் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்குத் தகுதிக்கேற்ற பணி கிடைத்தது என்ற கணக்கைச் சங்கம் எடுத்துக்கொடுத்தால், அவர்களை அனுப்பிய திருச்சபைகளோடு பேசுவதற்குக் கல்லூரிக்கு அது ஓர் ஆதாரமாகும். இந்தக் கணக்கு வெளிவருவதைச் சிலர் விரும்பமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண்டுதோறும் காலமான பழைய மாணவர்களைப் பற்றிய அறிக்கையைத் தன் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைத்து அச்சிட்டது. பிறந்த ஊர், படித்த ஆண்டு, அருட்பொழிவு பெற்ற நாள், ஊழியம் செய்த சபைகள், இறந்த விதம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. புகழ்பெற்றவருக்கும் பெயர் தெரியாத சிற்றூர்ப் போதகருக்கும் அதில் இடம் இருந்தது. இன்று திருச்சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் அவ்வறிக்கைகளைத் தேடிப் புரட்டுகிறார்கள். பொருட்செலவு மிகுந்த வேலையன்று இது. விடாமல் செய்ய ஆள் வேண்டும், அவ்வளவே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உங்கள் குழுக்களில் சங்கத்தைப் பற்றிய பேச்சு எழுவதே பெரும்பாலும் அதற்காகத்தான். இறையியல் பட்டதாரிகளின் ஊதியம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அதை நிர்ணயிப்பதும் அவர்களைப் பணிக்கு அனுப்புவதும் உங்களில் பலர் பொறுப்பு வகிக்கும் திருச்சபைகள்தாம். தொழிற்கல்லூரிகளைப் பார்த்துக் கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் அவர்களிடம் இலக்கு வைத்து வசூலித்தால் இரண்டாம் ஆண்டில் கூட்டத்துக்கு வருவோர் பாதியாகக் குறைவார்கள். ஆனால் அவர்கள் கையில் வேறொன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் சபையின் முன் நிற்கிறவர்கள் அவர்கள். இறையியல் கல்வியைப் பற்றிச் சபையார் ஆண்டு முழுதும் கேட்கும் ஒரே குரல் பெரும்பாலும் அவர்களுடையதே. கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலருக்கு, நீ இறையியல் படிக்கலாமே என்று முதலில் சொன்னவர் ஓர் ஆயராகத்தான் இருப்பார். அவர் எந்தக் கல்லூரியை எண்ணி அப்படிச் சொல்லுகிறார் என்பது, அந்தக் கல்லூரி அவரை எப்படி நடத்திவருகிறது என்பதைப் பொறுத்தது. உலகின் மிகப் பழைய பழைய மாணவர் சங்கமாகக் கருதப்படும், அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியின் சங்கம் பிறந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1821இல் அக்கல்லூரியின் தலைவர் மாணவர்களில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு ஆம்ஹர்ஸ்டுக்குப் போய்ப் புதிய கல்லூரி தொடங்கியபோது, பழைய கல்லூரி மூடப்பட்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதைக் காப்பதற்காக முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். அது இறையியல் கல்லூரி அன்று; ஆயினும் மாணவர் எண்ணிக்கை குறைந்து, கல்லூரிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும் இக்காலத்தில் இறையியல் கல்லூரிகளுக்குப் பொருந்துகிற செய்தி அது. 1807இல் தோன்றிய ஆண்டோவர் இறையியல் கல்லூரி, நியூட்டன் இறையியல் கல்லூரியோடு 1965இல் இணைந்து, தன் பழைய வளாகத்தையும் விட்டு 2017இல் யேல் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியோடு சேர்ந்துகொண்டது. இவ்வளவு பழைய கல்லூரிக்கே இந்த நிலை வரும்போது, தங்களுக்கு வராது என்று எந்த ஆட்சிமன்றக் குழுவும் சொல்லிவிட முடியாது. வரும் நாளில் முன்னாள் மாணவர்களைத் தேடிக் கிளம்புவது காலங்கடந்த செயலாகிவிடும்.

சங்கம் பணம் திரட்டத்தான் வேண்டும் என்றால், முதலில் தன் உறுப்பினர்களுக்காகத் திரட்டட்டும். பணியிலிருக்கும்போதே ஓர் ஆயர் இறந்துபோனால், அவருடைய குடும்பம் துக்கத்தோடு வீட்டையும் இழக்கிறது. குருமனை அடுத்து வருகிறவருக்கு வேண்டும். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை வாடகை வீடு ஒன்றுக்கு முன்பணமும் சில மாத வாடகையும் கொடுக்கக் கூடிய சிறு நிதி ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால், அதற்குச் சந்தா கட்டத் தயங்குகிறவர் இருக்கமாட்டார். அந்த நிதியிலிருந்து ஒரு குடும்பம் உதவி பெற்ற செய்தி மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்த பிறகு, நூலகத்துக்கோ ஏழை மாணவரின் உதவித்தொகைக்கோ வேண்டுகோள் வைத்துப் பாருங்கள். பலன் வேறாக இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. பழைய மாணவர் சங்கங்கள் கல்லூரிக்குத் தொல்லையாக மாறியதும் உண்டு. எங்கள் காலத்தில் இப்படி இல்லை என்று சொல்லிச் சொல்லியே நல்ல மாற்றங்களைத் தடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருச்சபைத் தேர்தல் நெருங்கும்போது சங்கத்தின் பெயர்ப்பட்டியல் வாக்காளர் பட்டியலாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தம் மகனுக்கு இடம், தம் வகுப்புத் தோழருக்குப் பேராசிரியர் பதவி என்று சிபாரிசுக் கடிதங்களோடு முதல்வர் அறைக்குப் போகிறவர்கள், தங்களைச் சங்கத்தின் நிர்வாகிகள் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். இந்த அச்சத்தால்தான் பல முதல்வர்கள் சங்கத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்கிறார்கள். அவர்களை நான் முற்றிலும் குறைசொல்லமாட்டேன். ஆனால் வலுவிழந்த சங்கம் இந்தக் குறைகளிலிருந்து தப்பிவிடுவதில்லை. வருகிறவர்கள் குறைவாக இருக்கும் அமைப்பையே ஒரு சிலர் எளிதாகக் கைப்பற்றுகிறார்கள். மாணவர் சேர்க்கையிலும் பணி நியமனத்திலும் சங்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அமைப்பு விதிகளிலேயே எழுதிவிடுங்கள். நிர்வாகிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள். பதவியிலிருக்கும் திருச்சபைத் தலைவர்கள் சங்கத் தலைவராக வேண்டாம். அவர்கள் தலைமையில் அமர்ந்தால், மேலே சொன்ன மனம்விட்ட பேச்சு அறைக்குள் நுழையாது. சங்கத்தின் கணக்கு கல்லூரிக் கணக்கிலிருந்து தனியாக இருந்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டு, எல்லா உறுப்பினருக்கும் அனுப்பப்பட வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு உங்களிடம் நான் கேட்பது பெரியதன்று. ஆட்சிமன்றக் குழுவில் பழைய மாணவர்களின் சார்பாளர் ஒருவர், நீங்கள் தெரிந்தெடுக்காமல் அவர்களே தேர்ந்தெடுத்தவராக, வாக்குரிமையோடு அமரட்டும். இயன்றால் இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுக்கு உட்பட்டவராகவும் இருக்கட்டும். பாடத்திட்டத் திருத்தம் எதுவும், பணித்தளத்தில் உள்ளவர்களின் கருத்து எழுத்தில் பெறப்பட்ட பிறகே கல்விக்குழுவின் முன் வரட்டும். இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறும் நாளுக்கு முன்பே, அவர்கள் போகவிருக்கும் பகுதியில் உள்ள மூத்த பழைய மாணவர் ஒருவரோடு அவர்களை இணைத்து வையுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ஒருமுறையாவது இருவரும் பேசிக்கொள்ளட்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் உரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சிறு குழுக்களாக உட்கார்ந்து பேச அரை நாளை ஒதுக்குங்கள். வர இயலாதவர்களுக்காக, அவர்கள் இருக்கும் இடங்களிலேயே வட்டாரக் கூட்டங்களை நடத்தி, பேராசிரியர் ஒருவரை அனுப்பி வையுங்கள். அவர் அங்கே பேச வந்தவராக அன்றிக் கேட்க வந்தவராகப் போக வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பேராசிரியர்களுக்கு அது சற்றுக் கடினம்.

அடுத்த ஆட்சிமன்றக் குழுக் கூட்டத்துக்கு முன்பாக, பத்து ஆண்டுக்கு முன் பட்டம் பெற்ற ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, அவ்வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் இன்று எங்கே, எந்தப் பணியில் இருக்கிறார் என்ற பட்டியலைத் தயாரித்து வைக்குமாறு உங்கள் பதிவாளரிடம் கேளுங்கள். பட்டியலில் எத்தனை இடங்கள் வெற்றாக இருக்கின்றன என்பதைக் குழுவில் வாசிக்கச் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பேட்டிலும் பதிவு செய்யுங்கள். வெற்றிடங்களை நிரப்பும் பொறுப்பை எங்களிடம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளப் பழைய மாணவர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இறையியல் கல்லூரி ஒன்றின் பழைய மாணவன்